புரதத்தின் அமைப்பைப் படிப்பது எப்படி? ஹீமோகுளோபினை வைத்து ஒரு முழுமையான வழிகாட்டி

புரத அமைப்பு ஒன்றைத் திரையில் முதன்முதலாகத் திறப்பவர்கள் பெரும்பாலும் ஒரே மாதிரிதான் நடந்துகொள்கிறார்கள். வண்ண வண்ண ரிப்பன் வருகிறது. மவுஸைப் பிடித்து இப்படியும் அப்படியும் சுழற்றுகிறார்கள். அழகாக இருக்கிறது என்கிறார்கள். பத்து நிமிடத்தில் மூடிவிடுகிறார்கள். இந்த வடிவத்துக்கும் அந்தப் புரதம் செய்யும் வேலைக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்டால் பதில் வராது.

சிக்கல் எங்கே என்றால், படத்தை முதலில் திறந்ததில். படம் ஐந்தாவதோ ஆறாவதோ படியில் வரவேண்டியது. கீழே உள்ள வரிசையை நானே பலமுறை தப்பாகச் செய்தும், புதிதாக வருபவர்கள் அதே இடங்களில் தடுக்கி விழுவதைப் பார்த்தும் அமைத்துக்கொண்டேன். உதாரணத்துக்கு மனித ஹீமோகுளோபினை எடுத்திருக்கிறேன். வேறு புரதத்துக்கும் இதே வரிசைதான்.

தொடங்கும் முன் கையில் இருக்க வேண்டியவை

இருபது அமினோ அமிலங்களின் பெயரும் வாய்ப்பாடும் மனப்பாடமாக வேண்டாம். குணம் தெரிந்தால் போதும். வாலின், லியூசின், ஐசோலியூசின், ஃபினைல்அலனின் போன்றவை நீரை விலக்கும். அஸ்பார்ட்டிக் அமிலமும் குளூட்டமிக் அமிலமும் எதிர் மின்னேற்றம் கொண்டவை; லைசினும் ஆர்ஜினினும் நேர் மின்னேற்றம் கொண்டவை. செரின், திரியோனின், அஸ்பராஜின், குளூட்டமின் ஆகியவற்றுக்கு மின்னேற்றம் கிடையாது, ஆனால் நீரோடு ஒத்துப்போகும்.

அமினோ அமிலங்கள் கோத்து நீளும் தண்டுதான் முதன்மைச் சங்கிலி; ஒவ்வொன்றிலும் அதிலிருந்து நீட்டிக்கொண்டிருக்கும் தனிப் பகுதி பக்கச் சங்கிலி. நான்கு பேரைத் தனியாகக் குறித்துக்கொள்ளுங்கள். கிளைசினுக்குப் பக்கச் சங்கிலி என்று இருப்பது வெறும் ஒரு ஹைட்ரஜன். அதனால் எங்கும் வளையும். புரோலினின் பக்கச் சங்கிலி திரும்பி வந்து முதன்மைச் சங்கிலியிலேயே ஒட்டிக்கொள்ளும். அதனால் வளைய மறுக்கும். சிஸ்டைன்கள் இரண்டு சேர்ந்து கந்தகப் பாலம் போடும். ஹிஸ்டிடின் உடலின் அமிலத்தன்மையிலேயே புரோட்டானை வாங்கவும் விடவும் கூடியது, உலோகங்களையும் பிடிக்கும். நொதிகளில் அதை அடிக்கடி சந்திப்பீர்கள்.

மென்பொருள் எதையும் நிறுவ வேண்டாம். புரதத் தரவு வங்கியான பிடிபியின் தளத்திலேயே மோல்ஸ்டார் என்ற காட்டி இருக்கிறது, உலாவி போதும். கைமீராஎக்ஸ், பைமால் எல்லாம் அப்புறம் பார்த்துக்கொள்ளலாம். இவை தவிர ஒரு நோட்டுப் புத்தகமும் பேனாவும். இது இல்லாமல் தொடங்கியவர்கள் மூன்றாவது படியில் திரும்பி வருகிறார்கள்.

1. கேள்வியை எழுதுங்கள்

"ஹீமோகுளோபினைப் புரிந்துகொள்ள வேண்டும்" என்பது கேள்வி அல்ல. ஆல்ஃபா இரண்டு, பீட்டா இரண்டு என நான்கு சங்கிலிகள் கொண்ட ஒரு ஹீமோகுளோபினில் மொத்தம் 574 அமினோ அமிலங்கள் இருக்கின்றன. எதைப் பார்ப்பது என்று தெரியாவிட்டால் அத்தனையும் ஒரே மாதிரிதான் தெரியும்.

நாம் எடுத்துக்கொள்ளும் கேள்வி இது: அரிவாள் செல் நோயில் பீட்டா சங்கிலியில் ஒரே ஒரு குளூட்டமிக் அமிலம் வாலினாக மாறுகிறது. அந்த ஒற்றை மாற்றம் ஏன் ஹீமோகுளோபின்களை ஒன்றோடொன்று ஒட்டி நூலாக்குகிறது? அதுவும் ஏன் ஆக்சிஜனை இழந்த பிறகு மட்டும்?

2. வரிசையை எடுங்கள்

புரதத்தின் முதல்நிலை அமைப்பு என்பது அமினோ அமிலங்கள் எந்த வரிசையில் பெப்டைடு பிணைப்பால் கோக்கப்பட்டிருக்கின்றன என்பதுதான். மடிப்பு, குழி, வேலை எல்லாம் அந்த வரிசையிலிருந்து வருவதால் அங்கிருந்து தொடங்குகிறோம்.

புரத வரிசைகளைத் தொகுத்து வைத்திருக்கும் யூனிப்ராட் தளத்தில் மனித பீட்டா குளோபினை, அதாவது பீட்டா சங்கிலியை, தேடுங்கள். பி68871 என்ற பதிவு வரும். தேடலில் ஒரே பெயரில் பல பதிவுகள் வரும்போது, ஆட்கள் சரிபார்த்த பதிவு என்ற அடையாளம் உள்ளதையே எடுங்கள். மற்றவை கணினி தானாகச் சேர்த்தவை; துண்டு துக்காணிகளும் அவற்றில் இருக்கும்.

நீளத்தைக் குறித்துக்கொள்ளுங்கள்: 147. ஒரு அமினோ அமிலத்துக்குச் சராசரியாக 110 டால்டன் (மூலக்கூறு எடையின் அலகு) என்று பெருக்கிப் பாருங்கள், 16,000 டால்டனை ஒட்டி வரும். உண்மையான எடையும் ஏறத்தாழ அதுதான். இந்தக் கணக்கு ஐந்து வினாடி வேலை. தவறான பதிவையோ பாதிச் சங்கிலியையோ எடுத்துவிட்டால் இங்கேயே தெரிந்துவிடும்.

3. எண்களைப் பொருத்துங்கள்

இந்தப் படியைத் தாண்டிப் போகாதீர்கள். நான் பார்த்த தவறுகளில் பாதிக்கு மேல் இங்கேதான் பிறக்கின்றன.

செல் புரதத்தைக் கட்டத் தொடங்கும்போது முதலில் மெத்தியோனினை வைக்கும். பீட்டா குளோபினில் அது பிறகு வெட்டி எறியப்படுகிறது. ரத்தத்தில் இருக்கும் சங்கிலியில் 146 அமினோ அமிலங்கள்தான். யூனிப்ராட் அந்த மெத்தியோனினையும் சேர்த்து எண்ணும். பிடிபி பதிவுகளும் பழைய மருத்துவ நூல்களும் அதை விட்டுவிட்டு எண்ணும்.

முதிர்ந்த சங்கிலியின் தொடக்கம் இப்படி: வாலின், ஹிஸ்டிடின், லியூசின், திரியோனின், புரோலின், குளூட்டமிக் அமிலம், குளூட்டமிக் அமிலம், லைசின். ஆறாவதாக இருப்பதுதான் நோயில் வாலினாக மாறுவது. யூனிப்ராட் கணக்கில் அதுவே ஏழாவது. மரபணுப் பரிசோதனை அறிக்கைகளிலும் இப்போது ஏழு என்றே எழுதுகிறார்கள்.

இப்போது பொறியைக் கவனியுங்கள். அறிக்கையில் "7" என்று பார்த்துவிட்டு பிடிபி பதிவில் ஏழாவதைத் தேடினால் அங்கேயும் குளூட்டமிக் அமிலமே நிற்கிறது. ஆறும் ஏழும் அடுத்தடுத்து ஒரே ஆள். பெயர் பொருந்திவிட்டதால் சந்தேகமே வராது. நான் இந்தத் தவறைச் செய்து, தப்பான பக்கச் சங்கிலியை மணிக்கணக்கில் சுழற்றிப் பார்த்து, இது எங்கேயும் ஒட்டக்கூடிய இடமாகத் தெரியவில்லையே என்று குழம்பியிருக்கிறேன். எதிர்த் திசையில் தவறு செய்பவர்கள் கொடுத்து வைத்தவர்கள்: யூனிப்ராட்டில் ஆறாவதைத் தேடினால் புரோலின் வரும், உடனே விழித்துக்கொள்ளலாம்.

இதற்கு வழி எளிது. எண்ணை மட்டும் வைத்து எதையும் தேடாதீர்கள். முன்னும் பின்னும் இரண்டு இரண்டு அமினோ அமிலங்களைச் சேர்த்து ஐந்தாக எழுதிக்கொள்ளுங்கள். திரியோனின், புரோலின், குளூட்டமிக், குளூட்டமிக், லைசின். எந்தத் தளத்தில் எந்த எண் போட்டிருந்தாலும் இந்த ஐந்தின் நடுவில் இருப்பவர்தான் நம் ஆள்.

வித்தியாசம் எப்போதும் ஒன்றாக இருக்கும் என்றும் நினைத்துவிட வேண்டாம். கோழிமுட்டை வெள்ளைக்கருவின் லைசோசைமில் முன்னால் 18 அமினோ அமிலங்கள் கொண்ட அடையாளத் துண்டு வெட்டப்படுகிறது. பாடநூல் சொல்லும் 35ஆவது குளூட்டமிக் அமிலம் யூனிப்ராட்டில் 53.

ஹீமோகுளோபினுக்கு மூன்றாவதாக ஒரு எண்முறையும் உண்டு. சுருள்களுக்கு எழுத்தும், அதற்குள் வரிசை எண்ணும். இரும்பைப் பிடிக்கும் ஹிஸ்டிடினை எஃப்8 என்பார்கள்; பீட்டா சங்கிலியில் அது 92. நோட்டில் மூன்று பத்தி கோடு போட்டு, முக்கியமான ஐந்தாறு இடங்களுக்கு மூன்று எண்களையும் எழுதி வையுங்கள்.

4. எந்த அமைப்புப் பதிவு என்று தேர்ந்தெடுங்கள்

ஹீமோகுளோபினுக்கு மட்டும் பிடிபியில் நூற்றுக்கணக்கில் பதிவுகள் இருக்கின்றன. தேடலில் முதலில் வந்ததை எடுப்பதுதான் வழக்கமான தவறு. கேள்விக்குப் பொருந்தும் நிலையில் உள்ளதை எடுக்க வேண்டும். நம் கேள்வி ஆக்சிஜன் இல்லாத நிலையைப் பற்றியது. ஆகவே ஆக்சிஜன் இல்லாத சாதாரண மனித ஹீமோகுளோபின் ஒன்று, நோயுற்றவர்களின் ஹீமோகுளோபின் ஒன்று என இரண்டு வேண்டும். முதலாவதற்கு 4எச்எச்பி என்ற குறியீடுள்ள பதிவு. இரண்டாவதற்கு 2எச்பிஎஸ்.

பதிவுப் பக்கத்தில் முதலில் பார்க்க வேண்டியது பிரிதிறன். 4எச்எச்பிக்கு அது 1.74 ஆங்ஸ்ட்ராம் (ஒரு ஆங்ஸ்ட்ராம் என்பது மீட்டரில் ஆயிரம் கோடியில் ஒரு பங்கு). எண் சிறிதாக இருந்தால்தான் படம் கூர்மை. பலர் தலைகீழாகப் படிக்கிறார்கள். 2 ஆங்ஸ்ட்ராமுக்குக் கீழே பக்கச் சங்கிலிகள் எந்தப் பக்கம் திரும்பியிருக்கின்றன என்பதை நம்பலாம். 3ஐத் தாண்டினால் சங்கிலி போகும் பாதையை நம்பலாம், பக்கச் சங்கிலி விஷயத்தில் எச்சரிக்கை தேவை. 3.5 ஆங்ஸ்ட்ராம் அமைப்பில் ஒரு ஹைட்ரஜன் பிணைப்பை அளந்து அதன்மேல் வாதம் கட்டுவது மணலில் சுவர் எழுப்புவது.

அடுத்து ராமச்சந்திரன் வரைபடம். முதன்மைச் சங்கிலியின் இரண்டு திருகு கோணங்கள் எந்தெந்த அளவில் இருந்தால் அணுக்கள் ஒன்றையொன்று இடிக்காது என்று அது காட்டுகிறது. அனுமதிக்கப்பட்ட பகுதிக்கு வெளியே நிற்கும் புள்ளிகள் உங்கள் கேள்வி சார்ந்த இடத்தில் இருக்கின்றனவா என்று மட்டும் பாருங்கள். கிளைசின் வெளியே நின்றால் பதற வேண்டாம், அதன் சுபாவம் அது.

கடைசியாக, பதிவில் விடுபட்ட பகுதி உண்டா, ஆய்வாளர்கள் வேண்டுமென்றே மாற்றிய அமினோ அமிலம் உண்டா என்று பாருங்கள். எக்ஸ்ரே முறையில் அமைப்பைக் காணப் புரதத்தைப் படிகமாக்க வேண்டும்; அந்தப் படிகம் எளிதில் உருவாகட்டும் என்று சில இடங்களை மாற்றுவது சகஜம்.

5. முழு மூலக்கூறுதானா என்று பாருங்கள்

படிகத்தில் திரும்பத் திரும்ப வரும் மிகச்சிறிய பகுதியின் அணுக்களைத்தான் கோப்பில் எழுதுவார்கள். அது உடலில் வேலை செய்யும் மூலக்கூறுக்குச் சமமாக இருக்க வேண்டிய கட்டாயம் இல்லை.

ஆக்சிஜன் பிடித்த ஹீமோகுளோபினின் 1எச்எச்ஓ பதிவை அப்படியே திறந்தால் இரண்டே சங்கிலிகள் வரும்; அதாவது பாதி ஹீமோகுளோபின். 1எச்வி4 பதிவில் எட்டு வரும். இரண்டு முழு மூலக்கூறுகள். ஒரு மாணவர் பாதியை வைத்துக்கொண்டு ஹீமோகுளோபினுக்கு இரண்டு சங்கிலிதான் என்று வாதாடியதைப் பார்த்திருக்கிறேன். காட்டியில் "பயாலஜிக்கல் அசெம்ப்ளி" என்ற தேர்வைப் போட்டால் நான்கும் வந்துவிடும்: ஆல்ஃபா இரண்டு, பீட்டா இரண்டு. இந்த நான்கும் கூடி நிற்பதுதான் நான்காம்நிலை அமைப்பு.

6. இப்போது படத்தைத் திறங்கள்

4எச்எச்பியைத் திறந்து, பீட்டா சங்கிலி ஒன்றை மட்டும் வைத்துக்கொண்டு மற்றவற்றை மறையுங்கள். நான்கையும் ஒன்றாகப் பார்த்தால் கண் எங்கும் நிற்காது. தொடக்க முனையிலிருந்து கடைசி முனை வரை நிறம் மாறும்படி வைத்து, சங்கிலியை விரலால் தொடர்வதுபோல ஒருமுறை தொடர்ந்து போங்கள்.

எட்டு ஆல்ஃபா சுருள்கள் தெரியும், ஏ முதல் எச் வரை. பீட்டா தகடு, அதாவது சங்கிலித் துண்டுகள் நீண்டு பக்கம் பக்கமாக அடுக்கிய வடிவம், ஒன்றுகூட இல்லை. இதுதான் இரண்டாம்நிலை அமைப்பு. சுருளில் ஒரு சுற்றுக்கு 3.6 அமினோ அமிலம், ஒரு சுற்றின் உயரம் 5.4 ஆங்ஸ்ட்ராம். ஒவ்வொன்றின் கார்பனைல் ஆக்சிஜனும் நான்கு தள்ளி இருப்பதன் நைட்ரஜன் பக்க ஹைட்ரஜனோடு பிணைகிறது. சுருள் ஏன் வருகிறது என்று கேட்டால், முதன்மைச் சங்கிலி புரதத்தின் உள்ளே போகும்போது தண்ணீரோடு இருந்த ஹைட்ரஜன் பிணைப்புகளை இழக்கிறது. அதற்கு ஈடாகத் தனக்குத்தானே பிணைத்துக்கொள்கிறது. பீட்டா தகடும் அதே கணக்கை வேறு விதமாகத் தீர்க்கும் வழிதான்.

ரிப்பன் ஒரு கேலிச்சித்திரம் என்பதை மறக்க வேண்டாம். சுருளின் நடுவில் குழாய் மாதிரி ஓட்டை தெரியும். அது ஓட்டை இல்லை. அணுக்களை முழு அளவில் காட்டும் முறைக்கு ஒருமுறை மாற்றிப் பாருங்கள், இண்டு இடுக்கில்லாமல் அடைந்திருக்கும்.

7. உள்ளே யார், வெளியே யார்?

இப்போது நீரை விலக்கும் அமினோ அமிலங்களுக்கு ஒரு நிறமும் மின்னேற்றம் உள்ளவற்றுக்கு வேறு நிறமும் கொடுங்கள். மேற்பரப்பில் மின்னேற்ற நிறம் தூக்கலாகத் தெரியும். பாதியாக வெட்டிப் பார்த்தால் உள்ளே நீர் விலக்கிகளின் கூட்டம். புரதம் மடிவதற்குப் பெரும் உந்துதல் இதுதான்: நீரை விலக்குபவை நீரிலிருந்து ஒதுங்கி உள்ளே போகின்றன, சங்கிலி அவற்றைச் சுற்றி மூன்றாம்நிலை வடிவம் எடுக்கிறது.

இந்தப் படம் கண்ணில் பதிந்த பிறகு, நோட்டில் எழுதிய ஐந்தை வைத்து ஆறாவது குளூட்டமிக் அமிலத்துக்குப் போங்கள். அது ஏ சுருளின் தொடக்கத்தில், வெளியே தண்ணீரை நோக்கி நீட்டிக்கொண்டிருக்கும். எதிர் மின்னேற்றம், வெளியே இருக்கிறது, எல்லாம் முறைப்படி. அந்த இடத்தில் வாலினை நினைத்துப் பாருங்கள். உள்ளே இருக்க வேண்டிய குணமுள்ள ஒன்று வாசலில் நிற்கிறது.

அதுமட்டும் போதாது. ஒட்டுவதற்கு எதிரே ஒரு இடம் வேண்டும். 2எச்பிஎஸ் பதிவைத் திறங்கள். அதில் இரண்டு ஹீமோகுளோபின்கள் பக்கத்துப் பக்கத்தில் இருக்கும். ஒன்றின் ஆறாவது வாலினைப் பிடித்துப் பெரிதாக்கிப் பார்த்தால், அது அடுத்த மூலக்கூறின் பீட்டா சங்கிலியில் 85ஆவது ஃபினைல்அலனினும் 88ஆவது லியூசினும் சேர்ந்து அமைத்த நீர்விலக்கிக் குழிக்குள் தலையை நுழைத்திருக்கும். அந்தக் குழி சாதாரண ஹீமோகுளோபினிலும் இருக்கிறது. ஆனால் மின்னேற்றமுள்ள குளூட்டமிக் அமிலம் அதற்குள் போகாது. வாலின் போகும்.

இங்கே ஒரு தடுமாற்றம் வரும். ஒரு மூலக்கூறில் இரண்டு பீட்டா சங்கிலிகள் இருப்பதால் இரண்டு வாலின்களும் குழிக்குள் இருக்கும் என்று எதிர்பார்ப்பீர்கள். ஒன்றுதான் இருக்கும். மற்றது சும்மா நிற்கும். நீங்கள் முதலில் பெரிதாக்கியது அந்தச் சும்மா நிற்பதாக இருந்தால், பதிவே தப்பு என்று மூடிவிடாமல் அடுத்த சங்கிலிக்குப் போங்கள்.

8. இரும்புக்குப் போங்கள்

பாதிக் கேள்வி பாக்கி இருக்கிறது: ஆக்சிஜன் இல்லாதபோது மட்டும் ஏன்? அமினோ அமிலங்கள் அல்லாத சிறு மூலக்கூறுகளை மறைத்திருந்தால் இப்போது காட்டுங்கள். தட்டையான ஹீம் வளையமும் நடுவில் இரும்பும் தெரியும். இரும்பிலிருந்து 92ஆவது ஹிஸ்டிடினின் நைட்ரஜனுக்கு அளவுக்கோடு போடுங்கள். 2 ஆங்ஸ்ட்ராமுக்குச் சற்று மேலே வந்தால் சரி. அதைவிட மிகப் பெரிதாக வந்தால் வேறு சங்கிலியின் ஹிஸ்டிடினையோ எதிர்ப் பக்கத்து 63ஐயோ சொடுக்கியிருக்கிறீர்கள்.

ஆக்சிஜன் இல்லாதபோது இரும்பு வளையத்தின் தளத்திலிருந்து ஆங்ஸ்ட்ராமின் பாதியளவு விலகி, ஹிஸ்டிடின் பக்கமாக நிற்கிறது. ஆக்சிஜன் வந்து பிடித்ததும் தளத்துக்குள் வருகிறது. வரும்போது ஹிஸ்டிடினை இழுக்கிறது, ஹிஸ்டிடின் எஃப் சுருளை இழுக்கிறது, கடைசியில் ஒரு ஆல்ஃபா-பீட்டா ஜோடி மற்ற ஜோடியோடு ஒப்பிட்டால் ஏறத்தாழ 15 பாகை திரும்பிவிடுகிறது. 4எச்எச்பியையும் முழு 1எச்எச்ஓவையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பாருங்கள். ஒரு ஜோடியை மட்டும் பொருத்தினால்தான் மற்றது திரும்பியிருப்பது தெரியும். மொத்தத்தையும் சேர்த்துப் பொருத்தினால் வித்தியாசம் நாலாபுறமும் பரவி எதுவும் தெரியாது.

85, 88ஆவது இடங்கள் அந்த எஃப் சுருளில்தான் இருக்கின்றன. ஆக்சிஜன் பிடித்த வடிவத்தில் அந்தக் குழி அண்டை வாலினுக்குத் தோதாக அமைவதில்லை. ஆக்சிஜனை இழந்த ரத்தத்தில் மட்டும் நூல் வளர்வதற்குக் காரணம் கிடைத்துவிட்டது.

அளக்கும்போது ஒரு விஷயம்: எக்ஸ்ரே முறையில் கிடைத்த பெரும்பாலான பதிவுகளில் ஹைட்ரஜன் அணுக்கள் இருக்காது. ஹைட்ரஜன் பிணைப்பைத் தேடும்போது நைட்ரஜனுக்கும் ஆக்சிஜனுக்கும் இடையே அளக்கிறோம். 3 ஆங்ஸ்ட்ராமை ஒட்டி வந்தால் பிணைப்பாக எடுத்துக்கொள்ளலாம்.

9. சோதனை அமைப்பு இல்லாத புரதமென்றால்

வரிசையை வைத்துப் புரத வடிவத்தைக் கணிக்கும் செயற்கை நுண்ணறிவு மென்பொருள் ஆல்ஃபாஃபோல்ட். அதன் தரவுத்தளத்தில் 20 கோடிக்கும் மேற்பட்ட கணிப்புகள் உள்ளன. உங்கள் புரதமும் அநேகமாக இருக்கும். திறந்ததும் நிறத்தைப் பாருங்கள். ஒவ்வொரு இடத்துக்கும் 100க்கு ஒரு நம்பக மதிப்பெண் உண்டு: 90க்கு மேல் அடர்நீலம், 70 முதல் 90 வரை வெளிர்நீலம், அதற்குக் கீழே மஞ்சள், 50க்குக் கீழே ஆரஞ்சு. ஆரஞ்சு நூல்கள் புரதத்தைச் சுற்றி வளையம் வளையமாகத் தொங்கினால் அதை வடிவம் என்று வர்ணிக்காதீர்கள். அந்தப் பகுதிக்கு நிலையான வடிவமே இல்லாமல் இருக்க வாய்ப்பு அதிகம்.

சோதனைப் பதிவுகளில் அணு எவ்வளவு ஆடுகிறது என்ற பி-காரணி எழுதப்படும் அதே இடத்தில்தான் ஆல்ஃபாஃபோல்ட் தன் மதிப்பெண்ணை எழுதுகிறது. ஒன்றில் அதிகம் என்றால் சந்தேகம், மற்றதில் அதிகம் என்றால் நம்பிக்கை. பி-காரணிப்படி நிறம் கொடு என்று மென்பொருளிடம் சொன்னால், மிக உறுதியான பகுதியைச் சிவப்பில் எச்சரிக்கையாகக் காட்டும்.

அந்தத் தரவுத்தளக் கணிப்புகளில் ஹீமும் உலோகமும் இருக்காது, வெறும் குழிதான். ஒற்றை அமினோ அமில மாற்றத்தைக் கொடுத்து, வடிவம் மாறவில்லையே, ஆகவே நோயில்லை என்று முடிவுகட்டவும் கூடாது. நம் வாலினே சாட்சி: அது தனிச் சங்கிலியின் வடிவத்தைக் கெடுப்பதில்லை, அண்டையோடு ஒட்டுகிறது.

10. வடிவம் ஒன்றாக இருந்தால் வேலையும் ஒன்றா?

பாலில் உள்ள ஆல்ஃபா-லாக்டால்புமினும் லைசோசைமும் வடிவத்தில் அண்ணன் தம்பி. மேலே வைத்தால் பொருந்தும். ஆனால் லைசோசைம் பாக்டீரியாவின் சுவரை வெட்டும். லாக்டால்புமினோ பால் சர்க்கரையை உருவாக்கும் நொதிக்குத் துணையாக நிற்கிறது, சுவரை வெட்டாது. வெட்டும் வேலையைச் செய்யும் 35ஆவது குளூட்டமிக் அமிலம் அதனிடம் இல்லை. மடிப்பு பொருந்துகிறது என்பதோடு நிறுத்தாமல், வினை நடக்கும் இடத்துப் பக்கச் சங்கிலிகளும் பொருந்துகின்றனவா என்று ஒவ்வொன்றாகப் பாருங்கள்.

11. தனியாகச் செய்து பார்க்க

லைசோசைமின் 1எல்ஒய்இசட் பதிவை எடுத்து இதே வரிசையில் போங்கள். 129 அமினோ அமிலங்கள், நான்கு கந்தகப் பாலங்கள். எட்டு சிஸ்டைன்களில் யாரோடு யார் என்று கந்தகத்திலிருந்து கந்தகத்துக்கு அளந்து ஜோடி சேருங்கள். 2 ஆங்ஸ்ட்ராமை ஒட்டி வரும். அப்புறம் சர்க்கரைச் சங்கிலி வந்து அமரும் பிளவைக் கண்டுபிடித்து, அதன் இரு கரையிலும் எதிரெதிரே நிற்கும் 35ஆவது குளூட்டமிக் அமிலத்தையும் 52ஆவது அஸ்பார்ட்டிக் அமிலத்தையும் தேடுங்கள். உங்கள் குறிப்பில் அவை 53, 70 என்று இருந்தால் மூன்றாம் படிக்குத் திரும்புங்கள்.